‘அனொட்டேஷன்’: குறிப்பா, மேற்குறிப்பா, மேலீடா?

மடல் 1: பட்டிச் சொற்களை மொழிபெயர்ப்பவர்

அனைவருக்கும் வணக்கம்.

பிடிஎஃப் மென்பொருள் ஒன்றின் பட்டிகளை (மெனுக்களை) தமிழாக்கும் வேலை, பக்கத்தின் மேல் நாம் இடும் கோடு, நிறம், சீட்டு போன்றவற்றைக் குறிக்கும் ‘அனொட்டேஷன்’ என்ற சொல்லில் வந்து நிற்கிறது. பழைய மொழிபெயர்ப்பில் ஓரிடத்தில் ‘சிறுகுறிப்பு’, இன்னோரிடத்தில் ‘விரிவுரை’, வேறோரிடத்தில் ‘கருத்து’. ‘சிறுகுறிப்பு’ என்று படித்ததுமே வாய் தானாக ‘வரைக’ என்று முடிக்கிறது. ‘விரிவுரை’ வகுப்பறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ‘கருத்து’ என்பதைக் ‘கமெண்ட்’டுக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

என் முன்மொழிவு ‘மேற்குறிப்பு’. பக்கத்தின் மேல் இடுவது. அடிக்குறிப்பு, பின்குறிப்பு வரிசையில் இயல்பாக உட்காரும். ஹைலைட், அடிக்கோடு, அடித்தல், ஒட்டுச்சீட்டு எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக இருக்கட்டுமே?

மடல் 2: மெய்ப்புத் திருத்துபவர்

> அடிக்குறிப்பு, பின்குறிப்பு வரிசையில் இயல்பாக உட்காரும்

உட்காராது ஐயா. ‘மேற்குறிப்பிட்ட’, ‘மேற்குறித்த’ என்று அரசு ஆணைகள் தேய்த்துவிட்ட சொல் அது. ‘மேற்குறிப்பை நீக்கு’ என்று பொத்தானில் போட்டால், மேலே உள்ள எதையோ நீக்கச் சொல்வதாகத்தான் படிப்பார்கள்.

பொதுப்பெயருக்கு முன்னால் கருவிகளின் பெயர்களைப் பார்ப்போம். பயனர் தொடுவது அவற்றைத்தான். மெய்ப்புக்கு நான்கு போதும்: நீக்க வேண்டியதை அடிக்கும் கோடு, விட்டுப்போனதைச் செருகும் குறி, ஒன்றை எடுத்து இன்னொன்றை வைக்கும் ‘மாற்று’, ஆசிரியரைக் கேட்க ஒட்டுச்சீட்டு. ஹைலைட்டை நான் திருத்தத்துக்குப் பயன்படுத்த விடுவதில்லை. மஞ்சள் பூசி அனுப்பினால் பக்கம் வடிவமைப்பவருக்கு அதில் கட்டளையே இல்லை. நீக்கவா, சரிபார்க்கவா, அழகாக இருக்கிறது என்றா?

தமிழ்ப் பக்கங்களில் இன்னொரு சிக்கல். ‘கொ’ என்பதில் கொம்பும் காலும் எழுத்தின் இரண்டு பக்கம் நிற்பவை. எந்த வடிவம் எந்த எழுத்து என்று சொல்லும் யூனிகோட் பொருத்தப் பட்டியல் எழுத்துருவோடு சரியாகச் சேராத கோப்பில் ஒரே ஓர் எழுத்தைத் தேர்ந்தால் பாதி கைக்கு வரும், பாதி வராது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் செய்த கோப்பாக இருந்தால், தேர்ந்த பகுதி குறிப்புப் பெட்டிக்குள் ரோமன் எழுத்துக் குப்பையாக விழும். அதனால் எழுத்தை அடிக்காதீர்கள். சொல் முழுவதையும் அடித்து, சரியான சொல்லை முழுதாகக் குறிப்பில் தட்டச்சிடுங்கள். ‘ழ போடவும்’ என்று எழுதுவது எந்த ழ என்ற கேள்வியில்தான் முடியும்.

வருடிய (ஸ்கேன் செய்த) பக்கமாக இருந்தால் தேர்வதற்கு எழுத்தே இருக்காது. கருவி வேலை செய்யவில்லை என்று புகார் வரும். முதலில் டெசராக்ட் போன்ற எழுத்துணரி மென்பொருள் ஒன்றால், மொழியைத் தமிழ் என்று கொடுத்து, படத்தின் மேல் தேரக்கூடிய எழுத்தடுக்கு ஏற்ற வேண்டும். நேரமில்லையென்றால் கட்டம் போட்டுக் குறிப்பு எழுதலாம்.

மடல் 3: நிரலாளர்

மெய்ப்புத் திருத்தும் அம்மா சொன்னதில் பாதிக்குக் காரணம் கோப்பின் உள்ளே இருக்கிறது. அது தெரிந்தால் பொதுப்பெயரும் தானாக வரும்.

ஹைலைட் செய்த சொல் எது என்று பிடிஎஃபுக்குத் தெரியாது. கோப்பில் இருப்பது நாற்கரங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு மூலைகள், எட்டு எண்கள். இரண்டு வரிக்கு நீளும் ஹைலைட் என்றால் 16 எண்கள். பக்கத்தின் எழுத்து ஓரிடத்தில், இந்த எண்கள் வேறோரிடத்தில். திருத்தம் செய்த புதிய கோப்பில் பழைய குறிகளை இறக்கினால், வரி நகர்ந்த இடத்திலெல்லாம் மஞ்சள் தவறான சொல்லின் மேல் நிற்பது இதனால்தான். இன்னொரு வேடிக்கை: மூலைகளைச் சுற்றுவரிசையில் எழுதச் சொல்கிறது பிடிஎஃப் தரநிலை, அடோபியின் அக்ரோபேட் மேலிரண்டு, கீழிரண்டு என்று எழுதுகிறது. தரநிலையை அப்படியே நம்பி நிரல் எழுதினால் ஹைலைட் பட்டாம்பூச்சிபோல் முறுக்கிக்கொள்ளும்.

‘மாற்று’ என்பதும் ஒரு பொருள் அன்று. அடித்த கோடு ஒன்று, செருகுகுறி ஒன்று. இரண்டையும் ஒரு குழு என்று கட்டி வைத்திருக்கிறது. குழுவை அறியாத படிப்பியில் (பிடிஎஃப் திறக்கும் மென்பொருளில்) இரண்டாகத் தெரியும். ஒன்றை நீக்கினால் மற்றது அநாதையாக நிற்கும்.

இனி தமிழ் உடைவது. ஒட்டுச்சீட்டுக்குள் எழுதுவது வெறும் யூனிகோட் எழுத்துவரிசை, அதாவது சரம். அதைப் பெரும்பாலும் இயங்குதளமே வரைந்து காட்டுவதால் தமிழ் சரியாக வரும். பக்கத்தின் மேலேயே எழுதும் உரைப்பெட்டி அப்படியன்று. அதன் தோற்றத்தையும் எழுத்துருவையும் கோப்பிலேயே வைக்க வேண்டும். மென்பொருள் தமிழ் இல்லாத ஹெல்வெட்டிகா எழுத்துருவோடு நின்றுவிட்டால் கட்டம் கட்டமாக வரும். தமிழ் எழுத்துரு இருந்தும் எழுத்துக்கோப்பு (கொம்பு, கால்களை உரிய இடத்தில் அடுக்குவது) செய்யத் தெரியாவிட்டால் ‘கெ’ என்பதில் கொம்பு பின்னால் போய் நிற்கும். தமிழில் எழுதுபவர்கள் ஒட்டுச்சீட்டைத் தேர்வதே பாதுகாப்பு.

பெயருக்கு வருகிறேன். பிடிஎஃபுக்கான ஐ.எஸ்.ஓ. 32000 தரநிலையில் இணைப்புச் சுட்டியும் படிவத்தின் நிரப்புப் பெட்டியும்கூட அனொட்டேஷன்தான். சுட்டியைக் ‘குறிப்பு’ என்றால் யார் ஏற்பார்கள்? பக்கத்தின் மேல் இட்டது என்பதுதான் எல்லாவற்றுக்கும் பொது. ஆகவே ‘மேலீடு’.

மடல் 4: யாழ்ப்பாணத்திலிருந்து

‘மேலீடு’ எண்டதும் எனக்கு ‘உணர்ச்சி மேலீட்டால்’தான் வருகுது. ஆனாலும் தள்ள மனமில்லை. திருவாய்மொழி உரைக்கு ‘ஈடு’ எண்டு பெயர் இருக்கேக்க, மூலத்துக்கு மேல் வைத்த உரைக்கு இந்தச் சொல் அந்நியமில்லைத்தானே. தரநிலை பற்றி எழுதும் கட்டுரைகளுக்கு அதை வைப்பம். பட்டியில் வேண்டாம். பயனருக்குக் ‘குறிப்பு’ போதும். எழுத்து இல்லாமல் கோடு, நிறம் மட்டும் எண்டால் ‘குறி’.

செருகுகுறிக்கு நல்ல பழஞ்சொல் இருக்குது: புள்ளடி. பறவையின் கால்தடம்போல இருக்கிறதால், எழுத்து விடுபட்ட இடத்தைக் காட்டுகிற குறிக்கு அந்தப் பெயர். காகபாதம் எண்டும் சொல்லுவினம். ஆனால் இஞ்ச ஒரு தொல்லை. இலங்கையில் புள்ளடி எண்டால் வாக்குச்சீட்டில் போடும் பெருக்கல் குறி. பெயரைப் பார்த்து, ‘நீக்கும் கருவி’ எண்டு நினைச்சு அழுத்துவினம். நேர் எதிர் வேலை!

மடல் 5: மெய்ப்புத் திருத்துபவர்

புள்ளடி எனக்குப் பிடித்திருக்கிறது. இலங்கை நண்பர் சொன்ன ஆபத்தும் உண்மை. ‘செருகு’ என்ற வினையைப் பொத்தானில் போட்டு, குறியின் பெயராக மட்டும் புள்ளடியை உதவிப் பக்கத்தில் வைக்கலாமா?

ஹைலைட்டுக்கு ‘முன்னிலைப்படுத்து’ வேண்டாம். முன்னிலை, படர்க்கை என்று இலக்கணம் போகிறது. ‘நிறமிடு’ என்றால் எழுத்தின் நிறத்தை மாற்றுவதாகப் படும். ‘நிறம் பூசு’ என்றால் மேலே பூசுவது தெளிவு.

கறுப்புக் கட்டத்துக்கு மட்டும் ‘மறை’ என்ற சொல்லைத் தயவுசெய்து தராதீர்கள். கறுப்புக் கட்டம் வரைந்தால் எழுத்து அடியில் அப்படியே இருக்கிறது. தேர்ந்து நகலெடுத்தால் ஆதார் எண்ணும் கைப்பேசி எண்ணும் வெளியே வந்துவிடும். உண்மையில் அகற்றும் கருவி வேறு, அதற்கு இரண்டு படி: முதலில் இடத்தைக் குறிப்பது, பிறகு உறுதிசெய்து அடியிலுள்ள எழுத்தையே எடுத்துவிடுவது. முதல் படியோடு கோப்பை அனுப்புபவர்கள் நிறையப் பேர். பொத்தான்களே ‘அகற்றக் குறி’, ‘நிலையாக அகற்று’ என்று இரண்டாக இருந்தால் யாரும் பாதியில் நிற்கமாட்டார்கள்.

மடல் 6: நிரலாளர்

அதே போல இன்னொன்று: ‘ஃப்ளாட்டன்’. ‘தட்டையாக்கு’ என்று போட்டிருக்கிறார்கள், சப்பாத்தி மாதிரி. நடப்பது என்ன? மேலீடுகள் பக்கத்தோடு கரைந்துவிடும். பிறகு நகர்த்த முடியாது, மறுமொழி எழுத முடியாது, பட்டியலில் வராது. ‘பக்கத்தில் பதி’ என்பேன். கையெழுத்துக் குறிப்பு மென்பொருளான சோர்னல் பிளஸ் பிளஸ்ஸில் பிடிஎஃபாக ஏற்றுமதி செய்தால் கேட்காமலே இப்படித்தான் ஆகிறது. அதன் சொந்தக் கோப்பையும் சேர்த்துச் சேமிக்காவிட்டால் மறுநாள் திருத்த வழியில்லை. ஒக்குலர் என்ற படிப்பியின் பழைய பதிப்பு இதற்கு மறுகோடி: குறிப்புகளைப் பிடிஎஃபில் எழுதாமல் கணினியில் தனிக் கோப்பில் வைத்தது. அனுப்பியவர் ‘எல்லாம் குறித்திருக்கிறேன்’ என்பார், பெற்றவர் வெள்ளைப் பக்கத்தைப் பார்ப்பார். கருவியைத் தேர்வதற்கு முன் ஒரு சோதனை போதும்: இரண்டு குறிப்பு இட்டுச் சேமித்து, வேறொரு படிப்பியில் திறந்து பாருங்கள். பயர்பாக்ஸ் 106 முதல் உலாவியிலேயே எழுதவும் வரையவும் முடிகிறது. சோதிக்க அதுவும் உதவும்.

மின்கையொப்பம் இட்ட கோப்பில் எச்சரிக்கைச் செய்தியும் வேண்டும். ஒப்பமிட்டவர் குறிப்புகளைத் தடுத்திருக்கக் கூடும். அப்படியானால் ஒரே ஓர் ஒட்டுச்சீட்டு ஒப்பத்தைச் செல்லாததாகக் காட்டிவிடும். ‘குறிப்பிட்டால் கையொப்பம் செல்லாமல் போகும்’ என்று உங்கள் மொழிபெயர்ப்பில் எழுதியிருந்தீர்கள். ‘குறிப்பிட்டால்’ இங்கே இரண்டு பொருள் தருகிறது. ‘குறிப்புச் சேர்த்தால்’ என்று மாற்றுங்கள்.

மடல் 7: பட்டிச் சொற்களை மொழிபெயர்ப்பவர்

மேற்குறிப்பை மேற்குறித்த காரணங்களால் கைவிடுகிறேன். இன்று ஏற்றிய சரங்கள்:

பொதுப் பட்டி – குறிப்புகள். தரநிலைச் சொல் – மேலீடு, உதவிப் பக்கத்தில் மட்டும்.
ஹைலைட் – நிறம் பூசு.
ஸ்ட்ரைக்அவுட் – அடி. ‘அடி’ மட்டும் நின்றால் கைகலப்பாகத் தெரிகிறது. ‘கோடிட்டு அடி’ என்று ஆக்கினேன்.
அண்டர்லைன் – அடிக்கோடிடு. இதுவும் மேலுள்ளதும் அடுத்தடுத்து வருவதால் படவுரு (ஐகான்) இல்லாமல் காட்ட வேண்டாம் என்று வடிவமைப்பாளருக்குச் சொல்லியிருக்கிறேன்.
ஸ்குவிக்லி – நெளிகோடிடு.
ஸ்டிக்கி நோட் – ஒட்டுச்சீட்டு.
டெக்ஸ்ட் பாக்ஸ் – உரைப்பெட்டி. ‘உரை’ விளக்கத்தையும் குறிக்கும், மூலத்தையும் குறிக்கும். இங்கே தப்பிக்க வழியில்லை.
ரிப்ளேஸ் – மாற்று.
ரீடாக்ட் – அகற்றக் குறி / நிலையாக அகற்று.
ஃப்ளாட்டன் – பக்கத்தில் பதி.

ஒட்டுச்சீட்டின் கீழ் வரும் ‘ரிப்ளை’க்கு ‘மறுமொழி’ இட்டிருக்கிறேன். செருகுகுறியான ‘கேரட்’ வரியில் ‘செருகு’ என்று எழுதி, பெயர்ச்சொல்லை ஐயத்துக்குரியது என்று குறித்து விட்டுவைத்திருக்கிறேன். இலங்கைக்குத் தனி மொழிக்கோப்பு வருமா என்று தெரிந்தபின் புள்ளடியை மீண்டும் எடுப்போம்.