குப்பிக்குள் எவ்வளவு இரத்தம் இருந்தது: டைபாய்டு பரிசோதனை அனுபவங்கள்

ஆய்வக நுட்புநர்:
டைபாய்டு என்று ஐயுற்று அனுப்பப்படும் இரத்த வளர்ப்புகளில் (இரத்தத்தை ஊட்டக் கரைசல் உள்ள குப்பியில் இட்டுக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) பெரும்பாலானவை ஏழு நாள் காத்திருந்தும் எதுவும் வளராமல் முடிவதைக் கண்டு, எங்கள் கைத்திறனில்தான் குறை இருக்கிறது என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். ஒருநாள் குப்பிகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான், பெரியவர்களிடம் எடுத்தவற்றிலும் 2 அல்லது 3 மில்லிலிட்டர் இரத்தமே இருந்தது தெரிந்தது. நோயாளியின் இரத்தத்தில் டைபாய்டுக் கிருமியான சால்மோனெல்லா டைஃபி பல வேளைகளில் மில்லிலிட்டருக்கு ஒன்றுகூடத் தேறாது. அவ்வளவு குறைந்த இரத்தத்தில் அது அகப்படாமல் போவதில் வியப்பில்லை. பெரியவர்களுக்கு 10 மில்லிலிட்டர் அளவில், நுண்ணுயிர்க்கொல்லியின் முதல் வேளைக்கு முன்பே எடுக்கும்படி வார்டு வார்டாகச் சென்று செவிலியர்களிடம் கேட்டுக்கொண்டோம். இரத்தம் சேர்த்த குப்பியைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கும் வழக்கத்தையும் நிறுத்தச் சொன்னோம். புதிய கருவி எதுவும் வாங்காமலேயே, கிருமி வளரும் குப்பிகள் கண்கூடாகக் கூடின.

மருத்துவர்:
தாங்கள் எழுதியதைப் படித்ததும் என் தவறொன்று நினைவுக்கு வந்தது. காய்ச்சலோடு வந்த ஒருவருக்கு வைடால் என்னும் இரத்தச் சோதனையின் முடிவு 1:160 (இரத்தநீரை 160 மடங்கு நீர்த்த பின்னும் எதிர்வினை தெரிகிறது) என்று வந்ததை நம்பி டைபாய்டு மருத்துவம் தொடங்கினேன். மூன்றாம் நாள் இரத்தப் பூச்சில் மலேரியா ஒட்டுண்ணி தெரிந்தது. 1896-இல் அறிமுகமான அந்தச் சோதனை, கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைக் காட்டுமே தவிரக் கிருமியைக் காட்டாது. முன்பு வந்துபோன தொற்றும், தடுப்பூசியும், வேறு காய்ச்சல்களும்கூட அந்த எண்ணை உயர்த்தும். பத்துப் பதினான்கு நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு மாதிரிகளில் நான்கு மடங்கு உயர்வு தெரிந்தால் அதற்குப் பொருளுண்டு. ஆனால், மருந்தை இன்றே முடிவு செய்ய வேண்டிய நோயாளிக்கு அது உதவாது. வேறு இடத்தில் ஏற்கெனவே மருந்து எடுத்துக்கொண்டு வருபவர்களை என்ன செய்வது என்பதே இப்போது எனக்குள்ள கவலை.

ஆய்வக நுட்புநர்:
மருந்து தொடங்கிய நாளையும் அதன் பெயரையும் விண்ணப்பச் சீட்டில் தவறாமல் எழுதியனுப்புங்கள், டாக்டர். அத்தகையவர்களின் இரத்தத்தில் கிருமி கிடைக்காவிட்டாலும் எலும்பு மச்சையில் சில நாள் வரை கிடைக்கும். ஊசி குத்தும் வலியை எண்ணி எல்லோருக்கும் அதைக் கேட்க முடியாது; நோய் கடுமையாகி, எந்த மருந்து கேட்கும் என்று தெரியாமல் தவிக்கும் நேரங்களில் மட்டும் கேட்கிறோம்.