முதல் ஆட்டங்களை வைத்து இளம் கூடைப்பந்து வீரர்களை எடைபோட்டோம்: எங்கள் அனுபவங்கள்

காட்பாடி உறுப்பினர்:

வேலூர் வட்டாரப் பள்ளிகளில் இருபத்தெட்டு ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். குறுவட்டப் போட்டியில் ஒரு பையன் இரண்டு ஆட்டம் நன்றாக ஆடிவிட்டால் போதும், "இவன் பெரிய ஆட்டக்காரனாக வருவானா, சார்?" என்று பெற்றோரும் தலைமையாசிரியரும் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். அக்கேள்விக்கு நான் சொன்ன விடைகளில் மிக மோசமாகப் பொய்த்த ஒன்றை எழுதுகிறேன். மற்றவர்களும் தங்கள் அனுபவங்களை எழுதலாம்.

எட்டாம் வகுப்பிலேயே ஆறடியைத் தொட்ட மாணவன் ஒருவன் எங்கள் பள்ளியில் இருந்தான். முதல் ஆட்டத்தில் 31 புள்ளிகள், அடுத்ததில் 27. வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிக்க, அதாவது ரீபவுண்டுக்கு, அவன் குதிக்கவே தேவையில்லை. கையை உயர்த்தினால் பந்து கைக்குள் வந்து விழும். எதிரணிப் பையன்கள் அவனுடைய தோளுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனுடைய தந்தையை அழைத்து, விளையாட்டு விடுதியில் சேர்த்துவிடுங்கள், ரயில்வேயோ வங்கியோ தேடிவந்து வேலை கொடுக்கும் என்று உறுதியாகச் சொன்னேன். அப்போதே அவனுக்கு மீசை அரும்பியிருந்தது, குரலும் முழுதாக உடைந்திருந்தது. அவை கண்ணில் பட்டும் அவற்றின் பொருள் எனக்கு உறைக்கவில்லை.

பையன்கள் சராசரியாகப் பதின்மூன்று, பதினான்கு வயதில்தான் மிக வேகமாக உயர்கிறார்கள் என்றாலும், ஒரே வகுப்பில் ஒரே வயதில் இருக்கும் இருவரின் எலும்பு வளர்ச்சிக்கு இடையே மூன்று ஆண்டு வித்தியாசம் இருப்பது அபூர்வமன்று. வயது மோசடியைப் பிடிக்க மணிக்கட்டை எக்ஸ்ரே எடுப்பதும் இந்த எலும்பு வயதைப் பார்ப்பதற்காகத்தான். என் மாணவன் வயதை மறைக்கவில்லை, மற்றவர்களுக்கு முன்பே வளர்ந்து முடித்துவிட்டான், அவ்வளவே. பதினேழு வயதிலும் அவன் ஆறடி ஒரு அங்குலமாகவே நின்றான். அதற்குள் மற்றவர்கள் அவனை எட்டிவிட்டார்கள். மாநில அளவுக்குப் போனால் அந்த உயரம், வெளியே நின்று பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை நடத்தும் கார்டு ஆடுபவனின் உயரம்.

அவனால் கார்டு ஆட முடியவில்லை என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. தலையை நிமிர்த்திப் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓடவோ இடக்கையால் பாஸ் கொடுக்கவோ நான் அவனுக்குக் கற்றுத்தரவே இல்லை. வளையத்துக்கு அடியில் நிறுத்தினால் கோப்பை கிடைக்கிறது என்பதால் நான்கு ஆண்டுகளும் அங்கேயே நிறுத்தினேன். அவனை சென்டர், அதாவது வளையத்தடி ஆட்டக்காரன், என்று முடிவு கட்டிய அன்றே அவன் எதைக் கற்பான், எதைக் கற்கமாட்டான் என்பதையும் முடிவு செய்துவிட்டேன். கணிப்பு பொய்த்தது என்று ஊர் சொல்கிறது. அது பொய்த்ததில் என் கையும் இருந்தது என்று நான் சொல்கிறேன்.

சத்துவாச்சாரி உறுப்பினர்:

ஐயாவின் பதிவைப் படித்த பிறகுதான் எழுதத் துணிவு வந்தது. நான் பயிற்சியாளர் அல்லள். பள்ளி, கல்லூரிப் போட்டிகளில் மேசையில் அமர்ந்து ஸ்கோர் தாள் எழுதுபவள்.

எங்கள் பகுதி பளுதூக்கலுக்குப் பெயர் பெற்றது. 2014-இலும் 2018-இலும் காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கம் இங்கிருந்து சென்றவர். எங்கள் தெருவில் பளு தூக்கும் பிள்ளையை எடைபோடுவது எளிது, ஏனெனில் சத்துவாச்சாரியில் 100 கிலோ என்றால் 2014 போட்டி நடந்த கிளாஸ்கோவிலும் 100 கிலோதான். கூடைப்பந்தின் 30 புள்ளிகள் அப்படியல்ல. எதிரே நின்றவர் யார் என்று தெரியாதவரை அந்த எண்ணுக்கு எடையே கிடையாது. இதை விளங்கிக்கொள்ள எனக்கே பல ஆண்டுகள் ஆயின.

எண்களோடு பழகியதால் ஒரு கணக்கையும் சொல்கிறேன். மூன்று புள்ளி எறிதலில் நீண்டகாலச் சராசரியாக நூற்றுக்கு முப்பது மட்டுமே போடக்கூடிய ஒரு பையன், ஒரு தொடரில் பத்து முறை எறிந்து ஐந்தோ அதற்கு மேலோ போட்டுவிட ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து வாய்ப்பு உண்டு. ஆக, அதே திறனுள்ள இருபது பையன்கள் அத்தொடரில் எறிந்தால், மூவர் வெறும் தற்செயலாலேயே நட்சத்திரங்களாகத் தெரிவார்கள். அந்த மூவரைப் பற்றித்தான் மாலையில் எல்லோரும் பேசுவார்கள். இதனால் இளம் வீரரின் எறிதலைப் பற்றி யார் கேட்டாலும், எதிரணியின் ஃபவுலுக்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ எறிதலின் கணக்கைத்தான் முதலில் பார்க்கிறேன். அங்கே தடுப்பவர் இல்லை, தூரம் மாறாது, எல்லா ஊரிலும் ஒரே கோடு. பளுதூக்கலுக்குச் சற்று அருகில் வருவது அது ஒன்றுதான்.

என் அனுபவம் ஒரு மாணவியைப் பற்றியது. ஒன்பதாம் வகுப்பு, ஒல்லியான உடல், அந்த ஆட்டத்தில் அவர் எடுத்தவை நான்கே புள்ளிகள். முதல் குவார்ட்டரில், நடுக்கோட்டைத் தாண்டியதும் இடப்பக்க ஓரத்தில் எதிரணியினர் இருவர் வந்து மறிக்க, ஒரே இடத்தில் மூன்று முறை பந்தைப் பறிகொடுத்தார். அவருடைய பயிற்சியாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். நான்காவது முறை அதே இடத்துக்கு வருவதற்கு இரண்டு அடி முன்பே நின்று, ஒரு காலை ஊன்றியபடி திரும்பி முதுகைக் காட்டி, இரண்டாமவர் நெருங்குவதற்குள் பந்தை உள்ளே நின்ற தோழிக்குக் கொடுத்துவிட்டார். அதன்பின் அந்த மறிப்பு ஒருமுறைகூடப் பலிக்கவில்லை. கடைசிக் குவார்ட்டரில் மாற்று ஆட்டக்காரராக மேசை அருகே வந்து அமர்ந்தவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "அக்கா, அவங்க டீம்ல பன்னிரண்டாம் நம்பருக்கு எத்தனை ஃபவுல்?" நான்கு என்றேன். உள்ளே போனவர் நேராகப் பன்னிரண்டாம் எண்ணை நோக்கியே பந்தோடு பாய்ந்தார். இரண்டே நிமிடத்தில் அந்த உயரமான பெண் ஐந்தாவது ஃபவுலோடு, விதிப்படி ஆட்டத்தைவிட்டு வெளியே வந்தார்.

ஸ்கோர் தாளில் இவற்றில் எதற்கும் கட்டம் கிடையாது. கெட்டிக்காரப் பிள்ளை என்று நினைத்ததோடு சரி, யாரிடமும் சொல்லவில்லை. பிறகு அவர் பல்கலைக்கழக அணி வரை ஆடி, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலையும் பெற்றார். அதில் என் பங்கு எதுவும் இல்லை என்பதால் பெருமையாகச் சொல்ல முடியவில்லை.

ராணிப்பேட்டை உறுப்பினர்:

ஒரு சிறு குறிப்பு. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பிறகு, மாவட்ட அணிக்குத் தேர்வாவதன் பொருளும் மாறிவிட்டது. வாணியம்பாடி முதல் அரக்கோணம் வரை ஆட்டக்காரர்கள் மோதிய காலத்து மாவட்டத் தேர்வையும் இன்றைய தேர்வையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. பழைய வடஆற்காடு நாள்களில் ஆடிய என் மாமா இன்னும் அந்தக் கணக்கில்தான் பேசுவார்.

உயரத்தைப் பற்றி ஒன்று. 2015-இல் அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான என்.பி.ஏ.வின் புதுமுக வீரர் தேர்வில் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி 52ஆவது தேர்வாக எடுத்த பஞ்சாப் வீரர் சத்னாம் சிங் ஏழடி இரண்டு அங்குலம். பதினான்கு வயதில் அவரை ஃபுளோரிடா அழைத்துச் சென்றபோது கண்டவர்கள் வியந்திருப்பார்கள். ஆயினும் என்.பி.ஏ. தொடரில் அவர் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. உயரம் வாசல் வரை கொண்டு விடும் என்று மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.

ஆம்பூர் உறுப்பினர்:

வணக்கம். காலணித் தொழிற்சாலையில் பணிபுரிகிறேன். என் மகனுக்குப் பன்னிரண்டு வயது, ஐந்தடி இருப்பான். சென்ற கோடையில் வெளியூர் பயிற்சி நிலையம் ஒன்றிலிருந்து வந்தவர்கள் அவனுடைய ஆட்டத்தை இருபது நிமிடம் பார்த்துவிட்டு, நூற்றுக்கு 84 மதிப்பெண் போட்டுத் "திறன் அறிக்கை" ஒன்றைக் கொடுத்தார்கள். ஆறடி மூன்று அங்குலம் வளர்வான், தொழில்முறை ஆட்டக்காரனாக வரும் தகுதி உண்டு என்று அதில் அச்சிட்டிருந்தது. ஓராண்டுக் கட்டணத்தில் பாதியைக் கட்டிவிட்டேன். என் மனைவிக்கு அதில் உடன்பாடில்லை. மகனோ அந்தத் தாளைச் சுவரில் ஒட்டிவைத்து, தினமும் கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு உயரம் பார்க்கிறான். நான்கு மாதங்களாகக் கோடு நகரவில்லை. என்ன செய்வது என்று தெரியவில்லை, ஐயா.

காட்பாடி உறுப்பினர்:

ஆம்பூர் நண்பருக்கு: உங்கள் உயரத்தையும் உங்கள் மனைவியின் உயரத்தையும் அவர்கள் கேட்டார்களா? மருத்துவர்கள் பயன்படுத்தும் எளிய கணக்கு ஒன்று உண்டு. பெற்றோர் இருவரின் உயரத்தையும் சென்டிமீட்டரில் கூட்டி, ஆண்பிள்ளையானால் 13 சேர்த்து, இரண்டால் வகுக்க வேண்டும். தந்தை 168, தாய் 155 என்றால் 168 வரும். அதிலும் எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் கூடவோ குறையவோ இருக்கலாம் என்றுதான் மருத்துவர்கள் சொல்வார்கள். அச்சிட்ட அறிக்கையில் அங்குலம் வரை துல்லியமாக எழுதுபவரிடம் அந்தத் துல்லியம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். மீதிப் பணத்தை இப்போதைக்குக் கட்ட வேண்டாம். நான்கு மாதம் கோடு நகராததற்குக் கலங்கவும் வேண்டாம்; பன்னிரண்டு வயதில் பல பையன்களுக்கு வேகமான வளர்ச்சி தொடங்கியிருக்காது.

அமெரிக்கக் கூடைப்பந்து நட்சத்திரம் மைக்கேல் ஜோர்டானைப் பள்ளி அணியில் சேர்க்கவில்லை என்ற கதையை யாராவது உங்களுக்கு ஆறுதலாகச் சொல்லியிருப்பார்கள். பயிற்சியாளர் குருடர் என்பதைப் போல அது சொல்லப்படுகிறது. உண்மையில் மூத்தோர் அணிக்கு அப்போது தேவைப்பட்டது உயரம். அதனால் ஆறடி ஏழு அங்குலமுள்ள இன்னொரு மாணவனை எடுத்துக்கொண்டு, ஜோர்டானை இளையோர் அணியில் வைத்தார்கள். அங்கே அவருக்கு நாள்தோறும் பந்தும் ஆடும் நேரமும் கிடைத்தன. பெஞ்சில் உட்கார வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். என் மாணவனுக்கு நான் கொடுக்கத் தவறியது அந்த இடத்தைத்தான்.

நம் பக்கத்தில் தொழில்முறை ஆட்டம் என்றால் பெரும்பாலும் ரயில்வே, வருமான வரித்துறை, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி போன்ற நிறுவன அணிகளில் இடமும் அதோடு வரும் வேலையும்தான். அவர்கள் பார்க்கப்போவது வளர்ந்து முடிந்த இளைஞனை. அதற்கு உங்கள் மகனுக்கு இன்னும் ஆறேழு ஆண்டுகள் உள்ளன. சத்துவாச்சாரி சகோதரி எழுதியதைப் போல, பறிகொடுத்த இடத்துக்கு அடுத்த முறை வரும்போது அவன் என்ன செய்கிறான் என்பதை நான் பார்க்க விரும்புகிறேன். அதையும் ஓர் ஆட்டத்தில் பார்த்துவிட முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அவனைக் காட்பாடிக்கு அழைத்து வாருங்கள். எட்டு மணிக்கு மேல் இந்த ஊர் வெயிலில் சிமென்ட் தரையில் நிற்க முடியாது. தண்ணீர் பாட்டில் இருந்தால் போதும், அறிக்கை வேண்டாம். முதல் மாதம் முழுவதும் இடக்கை மட்டும்தான் என்று அவனிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.