"2,000 ஆண்டுப் பழைய பூம்சே"யாம்! யாருக்குக் காது குத்துகிறார்கள்?

டோபோக்_மாமா: காலையில் கேட்டில் ஒரு நோட்டீஸ் செருகியிருந்தது. பக்கத்துத் தெருவில் புதிதாக டேக்வாண்டோ வகுப்பாம். "2,000 ஆண்டுகளாகக் கொரிய வீரர்கள் வழிவழியாகக் காத்துவந்த பூம்சேக்களைக் கற்றுத் தருகிறோம்" என்று போட்டிருக்கிறார்கள். பூம்சே என்றால் தனியாகச் செய்து பழகும் அசைவு வரிசை. கீழே பார்த்தால் தேகுக் என்ற பூம்சேத் தொகுப்பின் பாடத்திட்டம். தேகுக் வந்ததே 1970களின் தொடக்கத்தில். அதைவிட எனக்கு வயது அதிகம்! அந்தக் கணக்கில் நானும் புராதனச் சின்னம்தான்.

ஒரே ஒரு கேள்வி. தேகுக்கின் முதல் பூம்சேயான "இல் ஜாங்"கின் ஆரம்பம் என்ன? இடப்பக்கம் திரும்பி அரே மக்கி, அதாவது கீழ்த்தடுப்பு. ஒரு அடி முன்னால் வைத்துக் குத்து. 180 டிகிரி திரும்பி மறுபடி அரே மக்கி, மறுபடி குத்து. ஷோட்டோகான் கராத்தேவில் முதல் நாள் சொல்லித்தரும் தைக்யோகு ஷோதானைப் பாருங்கள். அதேதான். இதற்குப் பதில் சொல்லிவிட்டு 2,000 ஆண்டு பேசுங்கள்.

கோகுரியோ_வீரன்: மாமா மறுபடி கடையைத் திறந்துவிட்டார். ஐயா, இடப்பக்கம் ஒருவன் உதைக்க வந்தால் இடப்பக்கம் திரும்பித்தான் தடுப்பார்கள். வலப்பக்கம் திரும்பி முதுகையா காட்டுவார்கள்? இதற்கு ஜப்பானிலிருந்து காப்பியடிக்க வேண்டுமா? பழைய கொரிய அரசான கோகுரியோ காலத்து முயோங்சோங் கல்லறைச் சுவரில் இரண்டு பேர் எதிரெதிரே நிற்கும் ஓவியம் இருக்கிறது. போய்ப் பாருங்கள்.

டோபோக்_மாமா: பார்த்தேன். இரண்டு பேர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அதில் 180 டிகிரி திரும்பல் எங்கே? அரே மக்கி எங்கே? தடுப்பது பொதுவானது என்று எனக்கும் தெரியும். நான் கேட்பது வரிசை. இடது, தடுப்பு, குத்து, 180, தடுப்பு, குத்து. வரிசை எப்படி ஒன்றானது?

கராத்தே_கண்ணன்: ஒரு சின்னத் திருத்தம். ஷோட்டோகானின் இன்னொரு வரிசையான ஹெய்யான் ஷோதானில் திரும்பித் தடுத்த பிறகு கையை இழுத்து ஒரு சுத்தியல் அடி வரும், அப்புறம்தான் குத்து. தைக்யோகுவில் அது கிடையாது. ஆக மாமா சொன்ன வரிசை தைக்யோகுவுக்கு மட்டும்தான் பொருந்தும்.

டோபோக்_மாமா: நான் தைக்யோகு என்றுதானே எழுதினேன்? படித்துவிட்டு வாருங்கள்.

கராத்தே_கண்ணன்: படித்தேன். போன தடவை ஹெய்யான் என்று சொன்னவர் நீங்கள்தான். இப்போது சத்தமில்லாமல் மாற்றிவிட்டீர்கள்.

சுபா_அம்மா: மன்னிக்கவும், இடையில் ஒரு சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்கு பெல்ட் கிரேடிங். தேகுக்கின் மூன்றாவது பூம்சே, சாம் ஜாங். முதல் உதைக்கு அப்புறம் ஒரு குத்தா, இரண்டு குத்தா? மாஸ்டர் ஊரில் இல்லை.

கோகுரியோ_வீரன்: கண்ணன், விடுங்கள். அவருக்கு எப்போதும் மூன்றாவது அசைவில்தான் ஞாபக மறதி வரும். மாமா, தேகுக்கில் நிற்பது ஆப் சோகி, தெருவில் நடப்பது போன்ற குட்டை நிலை. ஷோட்டோகானில் நிற்பது நீண்டு தாழ்ந்த நிலை. நிலையே வேறு என்றால் காப்பி எப்படி ஆகும்? பூம்சேயின் தரைக்கோடு கூட மூன்று கோடுள்ள கியோன் குறியீடு. வானத்தைக் குறிக்கும். தத்துவம் தெரியாமல் காலை மட்டும் எண்ணினால் இப்படித்தான்.

டோபோக்_மாமா: தோசையைச் சின்னதாக ஊற்றினால் இட்லி ஆகிவிடுமா? நிலையைக் குட்டையாக்கினார்கள், தத்துவத்தை மேலே பூசினார்கள். வரிசை அப்படியே இருக்கிறது.

சரி, வரலாற்றையே சொல்கிறேன். 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் கையில் இருந்தது. படிக்கப் போன பையன்கள் அங்கே கராத்தே கற்றார்கள். ஷோட்டோகானின் நிறுவனர் ஃபுனாகோஷியிடம் கற்ற லீ வோன் குக் 1944இல் சியோலில் சுங் டோ குவான் என்ற பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். எங்கள் ஐ.டி.எஃப். டேக்வாண்டோ பிரிவைத் தொடங்கிய ஜெனரல் சோய் ஹோங் ஹியும் ஜப்பானில் ஷோட்டோகான் கற்றவர்தான். டேக்வாண்டோ என்ற பெயர் வந்ததே 1955இல். ஜெனரலின் 1965 புத்தகத்தைத் திறந்தால் அவருடைய புதிய பேட்டர்ன்களோடு (நாங்கள் அசைவு வரிசையைப் பேட்டர்ன் என்போம்) ஹெய்யான், பஸ்ஸாய் என்ற கராத்தே வரிசைகளும் சேர்ந்தே அச்சாகியிருக்கும். அவரே மறைக்கவில்லை, நீங்கள் எதற்கு மறைக்கிறீர்கள்?

இன்னொன்று. எங்கள் ஹ்வாராங் பேட்டர்னில் 29 அசைவுகள். ஏன் 29? ஷில்லா நாட்டு இளைஞர் படையின் பெயரை வைத்துவிட்டு, எண்ணிக்கையை எதிலிருந்து எடுத்தார்கள்? ஜெனரல் நடத்திய 29ஆவது காலாட்படைப் பிரிவிலிருந்து. அது 1953இல் உருவானது. 2,000 ஆண்டுக்கு முன்னால் 29ஆவது டிவிஷன் எங்கே முகாம் போட்டிருந்தது?

மூன்றாவது_டான்: 😂 இதற்கு நோட்டீஸ்காரர் பதில் சொல்ல வேண்டும்.

கோகுரியோ_வீரன்: எண்ணிக்கை பேசுகிறீர்களா? வாருங்கள். ஜூங்குன் பேட்டர்னில் 32 அசைவு. கொரிய விடுதலை வீரர் ஆன் ஜுங் குன் தூக்கிலிடப்பட்ட வயது 32 என்று கிரேடிங்கில் பிள்ளைகளை ஒப்பிக்க வைக்கிறீர்கள். அவர் பிறந்தது 1879 செப்டம்பர், இறந்தது 1910 மார்ச். கழித்துப் பாருங்கள். 30. முதலில் கழித்தல் கணக்குச் சொல்லிக்கொடுங்கள், அப்புறம் வரலாறு.

டோபோக்_மாமா: கொரிய வயதுக் கணக்கு என்று ஒன்று உண்டு தம்பி. பிறந்ததும் ஒன்று, புத்தாண்டு வந்தால் இன்னொன்று. 1879க்கும் 1910க்கும் நடுவே 31, அதோடு ஒன்று, மொத்தம் 32. கோகுரியோ என்று பெயர் வைத்திருக்கிறீர்கள், கொரியர்கள் வயது எண்ணும் விதம் தெரியாதா?

கோகுரியோ_வீரன்: தெரியும். உங்களுக்குத் தெரிகிறதா என்று பார்த்தேன்.

டோபோக்_மாமா: ஆமாம் ஆமாம்.

கோகுரியோ_வீரன்: சரி, கோடாங் என்ன ஆனது? 39 அசைவோடு ஒரு பேட்டர்ன் இருந்தது. ஜெனரல் 1980இல் வடகொரியா போய்வந்தார். பிறகு கோடாங் காணாமல் போய், வடகொரிய ஆட்சிக் கொள்கையின் பெயரில் ஜூச்சே வந்தது. அரசியலுக்காகப் பேட்டர்னையே தூக்கி எறிந்த கூட்டம் எங்களுக்குப் பாரம்பரியம் சொல்லித்தருகிறது! இதில் போன வருஷம் நாம் சண்டை போட்ட அந்த சைன் வேவ் வேறு. ஒவ்வொரு அடிக்கும் படகு மாதிரி மேலும் கீழும் ஆட வேண்டுமாம்.

டோபோக்_மாமா: அந்த சைன் வேவ் சண்டையில் நீங்கள் பாதியில் ஓடியதை மறக்கவில்லை. மூன்று கேள்வி கேட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. ஜூச்சேயை நான் நியாயப்படுத்தவில்லை. நான் இன்றும் கோடாங்தான் செய்கிறேன். ஆனால் பேச்சு ஜூச்சே பற்றி இல்லை. இடது, தடுப்பு, குத்து, 180.

காஞ்சி_மைந்தன்: எல்லாவற்றுக்கும் மூலம் நம் போதிதர்மர். காஞ்சியிலிருந்து சீனா, சீனாவிலிருந்து கொரியா. இதில் என்ன சண்டை?

டோபோக்_மாமா: வந்துவிட்டார்! போதிதர்மரோடு ஷாவோலின் உடற்பயிற்சியை இணைக்கும் நூலே 17ஆம் நூற்றாண்டுச் சரக்கு. அவரும் இடப்பக்கம் திரும்பி அரே மக்கி போட்டாரா?

காஞ்சி_மைந்தன்: தமிழன் பெருமை சொன்னால் எரிகிறது.

மூன்றாவது_டான்: தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். போன மாதம் சிலம்பம் பேச்சு அப்படித்தான் 400 பதிவுக்கு இழுத்தது. என் கவலை வேறு. பழையதோ புதியதோ, யார் ஒழுங்காகச் சொல்லித்தருகிறார்கள்? கிரேடிங்குக்கு இரண்டு வாரம் முன்னால் வரிசையை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். அரே மக்கி எதைத் தடுக்கிறது என்று கேட்டால் பிளாக் பெல்ட் பையனே முழிக்கிறான். இழுக்கும் கை ஏன் இடுப்புக்குப் போகிறது, அதில் எதிராளியின் கையைப் பிடித்து இழுக்கலாமே, என்று நானே கேட்டிருக்கிறேன். "சும்மா செய்" என்றார் என் முதல் மாஸ்டர்.

கராத்தே_கண்ணன்: அந்தப் பிடித்து இழுப்பது எங்களிடம் ஹிகிதே. 😏

கோகுரியோ_வீரன்: அதையும் உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். 1790இல் அரச ஆணைப்படி வந்த முயே டோபோ டோங்ஜி என்ற கொரியப் போர்க்கலை நூலில் குவோன்போப் என்று வெறுங்கைச் சண்டைக்குத் தனிப் பகுதியே இருக்கிறது. அப்போது ஃபுனாகோஷி பிறக்கவே இல்லை.

டோபோக்_மாமா: இருக்கிறது. அந்தப் பகுதி சீனப் படைநூல் வழி வந்தது. பெயரே சீனத்து "சுவான்ஃபா"வின் கொரிய உச்சரிப்பு. 1790ஐக் காட்டினாலும் உங்கள் 2,000இல் இன்னும் ஆயிரத்து எழுநூறுக்கு மேல் பாக்கி. அதிலாவது 180 டிகிரி வரிசையைக் காட்டுங்கள். பக்க எண் போதும்.

கோகுரியோ_வீரன்: அந்த நோட்டீஸ் என் வகுப்புடையது என்று நினைத்துத்தானே இவ்வளவு ஆட்டம்? அது என்னுடையது இல்லை.

டோபோக்_மாமா: நான் அப்படிச் சொல்லவே இல்லையே. நீங்களாக ஏன் வாய் கொடுக்கிறீர்கள்?

சுபா_அம்மா: யாராவது சொல்லுங்களேன். சாம் ஜாங். ஒரு குத்தா, இரண்டு குத்தா?

கோகுரியோ_வீரன்: இரண்டு அக்கா. அரே மக்கி, உதை, கால் ஊன்றியதும் ஆப் குபியில், அதாவது நீண்ட முன்நிலையில், அடுத்தடுத்து இரண்டு குத்து. பாப்பாவிடம் முழங்காலை நன்றாகத் தூக்கி உதைக்கச் சொல்லுங்கள்.

டோபோக்_மாமா: இரண்டுதான். ஆனால் அந்த உதைக்கு முன்னால் இடப்பக்கம் திரும்பி ஒரு அரே மக்கி வருகிறதே, அது எங்கிருந்து வந்தது என்று அவரிடமே கேளுங்கள்.