பேட்டில்ஸ்டார் கேலக்டிகா: 1978-ஆ, 2003-ஆ? பழைய ரசிகர்களுக்கு ரீபூட் மேல ஏன் இவ்வளவு கோபம்?

நாடோடிக்கப்பல்:
பேட்டில்ஸ்டார் கேலக்டிகாங்கிற அமெரிக்க விண்வெளி டிவி தொடரை ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். 1978-ல வந்தது பழசு, 2003-ல அதையே முதல்லேருந்து புதுசா எடுத்தது ரீபூட். எங்க தேடினாலும் ரெண்டு கட்சி. ஒருத்தர் "1978-ஐ தொடவே தொடாதே"ங்கிறார். இன்னொருத்தர் "பேரை மட்டும் எடுத்துக்கிட்டு வேற கதையை எடுத்துட்டாங்க"ன்னு 2003-ஐ திட்டுறார். எதை முதல்ல பார்க்கணும்? நடுவுல ரேசர், தி பிளான்னு தனிப்படங்கள் வேற இருக்கே, அதையெல்லாம் எங்க நுழைக்கணும்? அப்புறம், பழைய ரசிகர்களோட கோபம் ஸ்டார்பக்ங்கிற ஆண் விமானியைப் பொண்ணா மாத்தினதுக்கு மட்டும்தானா? ஸ்பாய்லர் இல்லாம சொன்னா புண்ணியமாப் போகும்.

கோபால்_கோபோல்:
2003 முதலில். ஆனால் சீசன் 1-இல் தொடங்காதீர்கள். 2003 டிசம்பரில் இரண்டு இரவுகளாக வந்த மினிசீரிஸ்தான் உண்மையான முதல் அத்தியாயம். ரெண்டும் சேர்த்து சுமார் மூன்று மணி நேரம். பல இடங்களில் இதைத் தொடரோடு சேர்க்காமல் தனிப்படமாகப் போட்டிருப்பார்கள். அது தெரியாமல் "33" என்ற எபிசோடில் குதிப்பவர்கள்தான் "ஒண்ணுமே புரியல" என்று இரண்டாம் நாளே விட்டுவிடுகிறார்கள்.

அதற்குப் பிறகு சீசன் 1 (13 எபிசோட்), சீசன் 2 (20), சீசன் 3 (20). ரேசரை இங்கே பாருங்கள், மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில். கதைப்படி அதன் பெரும்பகுதி இரண்டாம் சீசனின் பிற்பகுதியில், பெகாசஸ் என்ற இன்னொரு போர்க்கப்பல் வந்த பிறகு நடக்கிறது. அதனால் சிலர் அங்கேயே செருகச் சொல்வார்கள், கேட்காதீர்கள். ரேசர் வெளிவந்தது 2007 நவம்பரில். நான்காம் சீசனுக்குத் தூண்டில் போடும் ஒரு வசனம் அதில் இருக்கிறது, முன்கூட்டியே கேட்டால் மூன்றாம் சீசனின் முடிவு சப்பென்று ஆகிவிடும். தி பிளான் எல்லாம் முடிந்த பிறகு. அதையும் பார்த்தே ஆகவேண்டும் என்றில்லை. நடந்ததையே மனிதர்களின் எதிரிகளான சைலான் இயந்திரங்கள் பக்கமிருந்து திருப்பிச் சொல்கிறது, பழைய காட்சிகள் நிறைய.

பெகாசஸ் எபிசோடுக்கு டிஸ்க்கில் நீளமான வடிவம் ஒன்று உண்டு. கிடைத்தால் அதையே பாருங்கள்.

1978-ஐ முழுக்கப் பார்க்கத் தேவையில்லை. பைலட் எனப்படும் முதல் அத்தியாயம் ("சாகா ஆஃப் எ ஸ்டார் வேர்ல்ட்"), "தி லிவிங் லெஜண்ட்", "வார் ஆஃப் தி காட்ஸ்", கடைசியாக "தி ஹேண்ட் ஆஃப் காட்". இதற்குள் அந்தத் தொடரின் பலம் முழுக்க அடங்கிவிடும். அதன் தொடர்ச்சியான கேலக்டிகா 1980 பக்கம் போகாதீர்கள். ஞாயிறு மாலை 7 மணிக்குக் குழந்தைகளுக்கான நேரத்தில் போட்டார்கள், சண்டையைக் குறைத்துப் பாடம் நடத்தவேண்டிய கட்டாயம். மொத்தம் 10 எபிசோடு. 1978-இல் ஸ்டார்பக்காக நடித்த டர்க் பெனடிக்ட் திரும்பி வரும் கடைசி எபிசோடு மட்டும் தேறும்.

மூணாவது_வைப்பர்:
மேலே சொன்ன வரிசை சரி. கோபத்தைப் பற்றி நான் சொல்றேன், ஏன்னா நான் அந்தக் கட்சி.

ஸ்டார்பக் விஷயம் வெளியில தெரியிற காயம் மட்டும்தான். பார்க்கப்போனா 2003-ல கேட்டி சாக்காஃப் செய்யிற ஸ்டார்பக்கும் சீட்டாட்டம், சுருட்டு, மேலதிகாரியை மதிக்காத திமிர்னு பழைய ஆளோட குணத்தைத்தான் தூக்கிட்டு வருது. இன்னொரு விமானியான பூமரும் ஆணா இருந்து பெண்ணானவர்தான், பெகாசஸோட தளபதி கெய்னும் அப்படித்தான். அதுக்கெல்லாம் பாதி சத்தம்கூட எழும்பல.

அசல் மாற்றம் சைலான்கள்ல இருக்கு. 1978-ல அவங்களை உண்டாக்கினது ஒரு ஊர்வன இனம். மனுஷங்க பக்கத்து இனத்துக்கு உதவப்போய் போர்ல மாட்டினவங்க. 2003-ல சைலானைச் செஞ்சதே மனுஷன்தான், வேலை வாங்கினதும் அவன்தான். இந்த ஒரு மாத்தத்துல பாதிக்கப்பட்டவன் குற்றவாளியும் ஆயிடுறான். தொடரோட எடையே இடம் மாறிடுது. எனக்கும் அந்தக் கதை பிடிக்கும். ஆனா அது வேற கதை.

ரெண்டாவது, நம்பிக்கை. 1978 தொடரை உருவாக்கின கிளென் லார்சன் மார்மன் மதச் சபையைச் சேர்ந்தவர். கோபோல்ங்கிற ஆதிக் கிரகம், பன்னிரண்டு பேர் சபை எல்லாம் அவரோட மதத்திலிருந்து வந்த சரக்கு. 1978-ல லோர்ன் கிரீன் நடிச்ச கப்பல் தளபதி அடாமா, அவங்க தேடிப்போற பூமி இருக்குன்னு மனசார நம்புற பெரியவர். கப்பல்ல அவரைச் சுத்தி ஒரு குடும்பம் இருக்கும். 2003-ல எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸோட அடாமாவுக்கு சாமி நம்பிக்கை கிடையாது, பெத்த மகனே முகம் கொடுத்துப் பேசமாட்டான். பழசைப் பார்த்து வளர்ந்தவங்க தேடினது அந்தக் குடும்பத்தை.

கோபால்_கோபோல்:
ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பழைய தொடர் தன் கதைக்கருவையே காப்பாற்றவில்லையே. பன்னிரண்டு உலகங்கள் அழிகின்றன, மிச்சமிருப்பவர்கள் 220 கப்பல்களில் தப்பி ஓடுகிறார்கள், சாப்பாடு இல்லை. அதே பைலட்டில் எல்லாரும் ஒரு சூதாட்டக் கிரகத்தில் இறங்கிவிடுகிறார்கள்! அதன் பிறகு வாரம் ஒரு கிரகம், கௌபாய் படம் ஒரு வாரம், பனிமலைப் பீரங்கி ஒரு வாரம். பசி யாருக்கும் ஞாபகமில்லை.

புதியதில் "33"-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 33 நிமிடத்துக்கு ஒருமுறை சைலான்கள் வந்துவிடுவார்கள், ஐந்து நாளுக்கு மேல் யாரும் தூங்கவில்லை. உயிரோடு இருப்பவர்கள் எண்ணிக்கையைக் குடியரசுத் தலைவர் ஒரு வெள்ளைப் பலகையில் எழுதி அழித்து எழுதிக்கொண்டே இருக்கிறார். கருவை விட்டு நகராமல் இருப்பது என்றால் இதுதான்.

மூணாவது_வைப்பர்:
பைலட்டை நியாயமாப் பாருங்க. தானியத்தைப் பதுக்குற பணக்காரன், பசியில கத்துற கூட்டம் எல்லாம் அதுலயே இருக்கு. பிறகு விட்டுட்டாங்கங்கிறது உண்மை. ஆனா காரணம் எழுத்துல மட்டும் இல்ல, செலவுலயும் இருக்கு. ஒவ்வொரு விண்வெளிக் காட்சியும் மாடல் வெச்சு, கேமராவை மோட்டார்ல நகர்த்தி, அடுக்கடுக்கா எடுக்கணும். வாரவாரம் புதுசா எடுக்க முடியாது. அதனாலதான் ஒரே வைப்பர் போர் விமானம் கிளம்புறது, ஒரே சைலான் வெடிக்கிறது திரும்பத் திரும்ப வரும். ஐந்து எபிசோடு பார்த்தா எந்த ஷாட் எப்ப வரும்னு நீங்களே சொல்லிடுவீங்க.

தொடர்ச்சிதான்_வேணும்:
ரெண்டு பேரும் ஒரு விஷயத்தை விட்டுட்டீங்க. ரசிகர்கள் கேட்டது ரீபூட்டே இல்ல, தொடர்ச்சி. 1978-ல அடாமாவோட மகன் அப்போலோவா நடிச்ச ரிச்சர்ட் ஹாட்ச் 1999-ல தன் கைக்காசைப் போட்டு ஒரு டிரெய்லரே எடுத்தார், பழைய கதை எங்க நின்னுச்சோ அங்கிருந்து தொடர. 2001-ல இயக்குநர் பிரையன் சிங்கரும் தயாரிப்பாளர் டாம் டிசாண்டோவும் ஒரு தொடர்ச்சிக்கு வேலை ஆரம்பிச்சாங்க, அதுவும் நின்னுபோச்சு. அதுக்கப்புறம்தான் ரொனால்ட் மூர் வந்து 2003 தொடரை முதல்லேருந்து எழுதினார். இருபது வருஷத்துக்கு மேல காத்திருந்தவனுக்கு "உன் கதை இனி வராது"ன்னு சொன்ன மாதிரி. ஹாட்சே முதல்ல எதிர்த்தார். அப்புறம் அவரையே 2003 தொடர்ல டாம் ஸாரெக்ங்கிற வேற பாத்திரமா நடிக்கவெச்சாங்க, சீசன் 1-லயே வருவார், பிரமாதம். பெனடிக்ட் கடைசிவரை இறங்கி வரல, எதிர்த்துக் கட்டுரையே எழுதினார்.

தொடர்ச்சின்னா தானா நல்லா வந்துடும்னு சொல்லமாட்டேன். ஃப்ரேசியர்ங்கிற பழைய நகைச்சுவைத் தொடர் 2023-ல திரும்பி வந்துச்சு, பழைய வீட்டு ஆளுங்க இல்லாம. ரெண்டு சீசனோட முடிஞ்சுது. நடுவுல கேலக்டிகாவுக்கே இன்னொரு ரீபூட்னு சாம் எஸ்மெயில் 2019-லிருந்து பீக்காக்ங்கிற ஸ்ட்ரீமிங் தளத்துக்காக வேலை பார்த்தார், 2024-ல பீக்காக் கைவிட்டுடுச்சு. இந்தத் தடவை சண்டை போட்டது 2003 ரசிகர்கள். நமக்கு அப்ப கிடைச்ச அதே பேச்சு!

நாடோடிக்கப்பல்:
நன்றி நண்பர்களே. மினிசீரிஸ் ஓட்டிப் பார்த்தேன், படம் முழுக்கப் புள்ளிபுள்ளியா இருக்கு. பிரிண்ட் கோளாறா?

கோபால்_கோபோல்:
இல்லை, அது வேண்டுமென்றே வைத்தது. கேமராவைக் கையில் பிடித்து, செய்திப்படம் மாதிரி காட்டுவதற்காக. டிவியில் நாய்ஸ் ரிடக்ஷன், மோஷன் ஸ்மூத்திங் இரண்டையும் அணைத்துவிடுங்கள். போட்டால் முகமெல்லாம் மெழுகு பூசியதுபோல ஆகும். 1978-ஐ 4:3-லேயே பாருங்கள். அகலத்திரை வடிவம் மேலும் கீழும் வெட்டியது, தலை பாதி போகும்.

நான்காம் சீசனின் 10-ஆவது எபிசோடு முடிந்ததும் ஒரு இடைவெளி விடுங்கள். அமெரிக்க எழுத்தாளர் வேலைநிறுத்தமும் ஒரு காரணமாக ஒளிபரப்பும் அங்கேதான் நின்றது, 2008 ஜூனிலிருந்து 2009 ஜனவரி வரை. ஃபேஸ் ஆஃப் தி எனிமி என்ற குட்டி வெபிசோடுகள் பத்தும் அந்த இடைவெளிக்குள் வந்தவை. கேட்டா என்ற கப்பல் அதிகாரியைப் பிடித்திருந்தால் கட்டாயம் பாருங்கள்.

மூணாவது_வைப்பர்:
மினிசீரிஸ்ல மியூசியம் காட்சி வரும்போது காதைத் தீட்டிக்கங்க. கீதமா ஒலிக்கிறது ஸ்டு பிலிப்ஸ் 1978-க்குப் போட்ட டைட்டில் இசை. அங்க நிக்கிற வைப்பரும் பழைய வடிவம்தான்.