மறு: மறு: மின்வண்டி மாற்றத்தில் 'டோனர்' – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

பெட்ரோல் காரை வீட்டிலேயே மின்காராக மாற்றுவது பற்றிய பயிற்சிக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மூன்றாம் இயல் முழுக்க 'டோனர்' (donor, கொடுப்பவர்) வண்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான். எஞ்சினைக் கழற்றிவிட்டு மோட்டாரும் பேட்டரியும் வைப்பதற்காக நாம் வாங்கும் பழைய வண்டி. துருப்பிடிக்காத அடிச்சட்டம், எடை குறைந்த உடல், கையால் மாற்றும் கியர், பேட்டரி வைக்க இடம் என்று அதற்கான தகுதிகள் வருகின்றன. இப்போதைக்குக் 'கொடை வண்டி' என்று போட்டிருக்கிறேன். இதைவிட நல்லது கிடைத்தால் மாற்றிவிடுவேன்.

– செ.

---

செ. அம்மா,

கொடை வண்டி என்றால் முல்லைக்குப் பாரி விட்டுவந்த தேர்தான், அதற்கு மேல் ஒரு கொடை வண்டி இல்லை. ஆனால் சொல்லைக் கொஞ்சம் நிறுத்துப் பார்க்க வேண்டும். தொல்காப்பியர் ஈ, தா, கொடு மூன்றையும் பிரித்துவைத்திருக்கிறார்: கேட்பவன் தாழ்ந்தவனாக இருந்தால் 'ஈ', ஒத்தவன் 'தா', உயர்ந்தவன் 'கொடு'. மோட்டாருக்கும் வண்டிக்கும் இடையில் யார் உயர்ந்தவர்? ஒத்தவர் என்றே கொள்வோம், அப்படியானால் 'தரு வண்டி'. 'ஈகை வண்டி' கூடவே கூடாது. வறியவருக்குக் கொடுப்பதே ஈகை, மற்றதெல்லாம் கைம்மாறு எதிர்பார்ப்பது என்று வள்ளுவர் முடித்துவிட்டார். 'தரு' மரத்தையும் குறிக்குமே என்று யாரோ கேட்கப்போகிறீர்கள். அது வடசொல், விடுங்கள்.

– நா.

---

நா. ஐயா, பாரி இருக்கட்டும். முதலில் கொடுப்பது யார் என்று பார்ப்போம்.

மாற்று வேலை செய்பவர்கள் இந்த ஒரே சொல்லை இரண்டு வண்டிகளுக்குப் புழங்குகிறார்கள். ஒன்று செ. அம்மா சொல்வது. இன்னொன்று, எங்கோ மோதி நொறுங்கிய மின்கார். அதிலிருந்து மோட்டார், பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டர், பேட்டரி எல்லாவற்றையும் பிரித்து முதல் வண்டியில் பொருத்துவார்கள். நிசான் லீஃப் இதற்குப் பேர்போனது. 2010இல் வந்த முதல் லீஃபின் பேட்டரி 24 கிலோவாட் மணி, எடை 300 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. நியாயப்படி கொடுக்கிற வண்டி இதுதான். முதல் வண்டி எஞ்சின், ரேடியேட்டர், சைலன்சர், டேங்க் எல்லாவற்றையும் இழந்து வேறொன்றின் உறுப்புகளை வாங்கிக்கொள்கிறது. சிறுநீரகம் பெற்றவரைக் கொடையாளர் என்போமா?

தேர்வில் உள்ள சிக்கலே இந்த வாங்கிக்கொள்வதில்தான் இருக்கிறது. அத்தனை எடையை டிக்கியில் ஏற்றினால் பின்பக்க ஸ்பிரிங் உட்கார்ந்துவிடாதா, தயாரித்தவர் குறித்த மொத்த எடை வரம்புக்குள் நிற்குமா? பிரேக் மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டர், பெட்ரோல் எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தில் வேலை செய்வது, எஞ்சின் போனால் அதற்கென்று மின்சார வேக்குவம் பம்ப் வைக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், வண்டி நிற்கும்போதும் சுழலும் எஞ்சினை நம்பி எண்ணெய் அழுத்தம் பெறுவது. மோட்டாரோ வண்டியோடு நின்றுவிடும். புது வண்டிகளில் எஞ்சின் கணினி பதில் சொல்லாவிட்டால் டாஷ்போர்டிலிருந்து ஸ்டியரிங் வரை ஒவ்வொன்றாக முரண்டு பிடிக்கும். ஆட்கள் இன்னமும் பழைய வோக்ஸ்வாகன் பீட்டிலைத் தேடிப் போவது அழகுக்காக மட்டும் இல்லை.

என் பரிந்துரை 'கூடு'. கூடு விட்டுக் கூடு பாய்வது நமக்குப் பழக்கம்தானே. வண்டி சேர்த்தால் 'கூடு வண்டி'.

– மு.

---

'கூடு வண்டி' எப்படி வரும்? வீடு + வாசல் வீட்டுவாசல் ஆவதுபோல் கூட்டுவண்டி என்றுதான் புணரும். கூட்டுவண்டி என்றால் நாலு பேர் பங்கு போட்டு வாங்கியது என்றுதான் படிப்பவன் நினைப்பான்.

– நா.

---

ஐயா, வீட்டுவாசல் வேற்றுமை, அதாவது வீட்டின் வாசல். இது கூடாகிய வண்டி, அல்வழி. 'ட்' இரட்ட வேண்டியதில்லை.

– மு.

---

குருடாகிய கோழி குருட்டுக் கோழி ஆகவில்லையா? அல்வழியிலும் சிறுபான்மை இரட்டும், நன்னூல் உரையைப் பாருங்கள்.

– நா.

---

இருவருக்கும் வணக்கம். நான் தொழிற்பயிற்சி வகுப்பு எடுப்பவன், இந்தக் கையேடு என் மாணவர் கைக்குத்தான் வரப்போகிறது. அவர்கள் கிளட்ச், கியர்பாக்ஸ், பூஸ்டர் என்று பேசுகிறவர்கள். மு. ஐயாவே மேலே அப்படித்தான் எழுதியிருக்கிறார்! 'டோனர் வண்டி' என்று போட்டுவிட்டுப் போகலாமே. உதிரிபாகக் கடையில் தரு வண்டி கேட்டால் மரக்கன்று ஏற்றிய வண்டியைக் காட்டுவார்கள்.

– இ.

---

இ. ஐயா, 'டோனர்' என்று தமிழில் எழுதினால் அச்சுப்பொறியில் போடும் கரித்தூளும் அதே எழுத்துதான். ஒலிபெயர்த்தால் எல்லாருக்கும் புரியும் என்பது ஆங்கிலம் தெரிந்தவர்களின் நம்பிக்கை. சரி, 'மூல வண்டி' எப்படி?

– மு.

---

மூல வண்டியில் யார் உட்காருவது?

– இ.

---

எல்லாருக்கும் நன்றி. நேரமில்லை, இப்படிச் செய்கிறேன். 'கூடு' எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் எஞ்சினைக் கழற்றிய பிறகு நிற்கும் வெற்று வண்டிக்குக் கிளைடர் என்று தனிச்சொல் அடுத்த இயலிலேயே வருகிறது, கூடு அதற்குப் போகட்டும். பாகம் பிரித்தெடுக்கும் மின்காருக்குக் 'கொடை வண்டி'. மோட்டாரை வாங்கிக்கொள்ளும் வண்டிக்கு 'ஏற்பு வண்டி', எடையை ஏற்பதும் அதுதான் என்பதால். மூலத்தில் கொடுப்பது என்றிருப்பதைத் தமிழில் வாங்குவதாக்குகிறோம் என்று முன்னுரையில் ஒரு வரி சேர்த்துவிடுகிறேன். மு. ஐயாவும் வேறு இரண்டு பேரும் தனிமடலில் சரி என்றார்கள்.

– செ.

---

ஏற்பது இகழ்ச்சி என்று படித்து வளர்ந்த நாம் ஒரு நல்ல வண்டியைப் பிச்சை கேட்க வைத்துவிட்டோம். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். சொல்லடைவிலாவது 'தரு வண்டி – காண்க: கொடை வண்டி' என்று ஒரு வரி போடுங்கள் அம்மா.

– நா.

---

சொல்லடைவு நேற்றே போய்விட்டது ஐயா.

– செ.

---

அப்படியானால் சொல்லடைவில் என்ன இருக்கிறது? கொடையா, ஏற்பா? வகுப்பில் கேட்பார்கள்.

– இ.