பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் டிராக்‌ஷன் கண்ட்ரோலைப் பின்னாளில் பொருத்த முடியுமா?

மண்சாலை:

வணக்கம். என்னிடம் இருப்பது 300டிடிஐ டீசல் எஞ்சின் கொண்ட முதல் தலைமுறை லேண்ட் ரோவர் டிஸ்கவரி. நான்கு சக்கரங்களுக்கும் எப்போதும் இழுவை போகும். முன், பின் ஆக்சில்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதியான நடு டிஃபரன்ஷியலை லாக் செய்யலாம். நான்கிலும் டிஸ்க் பிரேக் உண்டு. ஆனால் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாத மாடல்.

இடமும் வலமும் மாறி மாறிப் பள்ளம் வரும் ஏற்றங்களில்தான் எனக்குச் சிக்கல். முன்னால் ஒரு சக்கரமும், அதற்குக் குறுக்கே பின்னால் ஒரு சக்கரமும் அந்தரத்தில் தூக்கிக்கொண்டால், நடு டிஃபரன்ஷியல் லாக் ஆகியிருந்தும் அவை இரண்டும் வீணாகச் சுழல, வண்டி அங்கேயே நின்றுவிடுகிறது. 1998இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறை டிஸ்கவரியோ அதே இடத்தில், சுழலும் சக்கரத்தை மட்டும் தானாகவே பிரேக் பிடித்து நிறுத்தி, நிதானமாக ஏறிவிடுகிறது. இதைத்தான் டிராக்‌ஷன் கண்ட்ரோல் என்கிறார்கள். உடைக்கப்பட்ட வண்டி ஒன்றிலிருந்து ஏபிஎஸ் மாடுலேட்டர் (பிரேக் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வுத் தொகுதி), சக்கர வேகத்தை அளக்கும் சென்சார்கள், இசியு (கட்டுப்பாட்டுக் கணினி) ஆகியவற்றை வாங்கி என் வண்டியில் பொருத்த முடியுமா? ஒரு ஆக்சிலின் இரு சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டும் லாக்கர் போட்டால் போதும் என்று பலர் சொல்கிறார்கள். வீட்டில் மற்றவர்களும் ஓட்டும் வண்டி என்பதால், எந்தப் பொத்தானையும் அழுத்தாமல் தானாக இயங்குவதையே விரும்புகிறேன்.

பற்சக்கரம்:

முடியும். ஆனால் நீங்கள் எழுதியுள்ள வடிவத்தில், மூன்று பாகங்களை வாங்கிப் பூட்டுவதாக இருந்தால் முடியாது. காரணத்தை விளக்குகிறேன்.

ஒவ்வொரு ஆக்சிலிலும் உள்ள சாதாரண டிஃபரன்ஷியல், இடது வலது இரு பக்கத்துக்கும் எப்போதும் சமமான முறுக்குவிசையையே கொடுக்கும். வழுக்கும் சக்கரம் 200 நியூட்டன் மீட்டரைத்தான் தாங்கும் என்றால், நல்ல தரையில் நிற்கும் மறுபக்கச் சக்கரத்துக்கும் அதே 200தான் கிடைக்கும். அந்தரத்தில் இருக்கும் சக்கரம் ஏறக்குறைய எதையுமே தாங்காது. ஆகவே மறுபக்கத்துக்கும் ஒன்றும் போகாது. இப்போது வழுக்கும் சக்கரத்தின் மீது பிரேக் 800 நியூட்டன் மீட்டர் எதிர்விசை கொடுத்தால், அந்தப் பக்கத்தின் சுமை 1,000 ஆகிறது; மறுபக்கத்துக்கும் 1,000 போய்ச் சேர்கிறது. வண்டி நகர்கிறது. பிரேக் விழுங்கிய 800 மட்டும் வெப்பமாக வீணாகிறது. அதையும் சேர்த்து ஈடுகட்டும் அளவுக்கு எஞ்சின் தந்தாக வேண்டும். வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைக் கூட்டும் லோ ரேஞ்ச் கியர் இங்கே எவ்வளவு முக்கியம் என்பது இதிலிருந்தே விளங்கும்.

ஏபிஎஸ் மட்டும் உள்ள மாடுலேட்டரின் வேலை, ஓட்டுநர் மிதித்து உண்டாக்கிய அழுத்தத்தைக் குறைப்பதும் மீண்டும் அனுமதிப்பதும்தான். யாரும் பெடலைத் தொடாதபோது தானாக அழுத்தத்தை உண்டாக்கி, ஒரே ஒரு சக்கரத்துக்கு அதை அனுப்ப அதனால் இயலாது. அதற்குக் கூடுதல் வால்வுகளும், அவற்றை இயக்கத் தெரிந்த இசியுவும் வேண்டும். எனவே ஏபிஎஸ் யூனிட் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக வாங்கிவிடாதீர்கள். டிராக்‌ஷன் கண்ட்ரோலுடன் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த வண்டியினுடையதா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள்.

மெதுவாக ஏறும் நமக்கு இன்னொரு சிக்கல் சென்சாரில் இருக்கிறது. பழைய வகைச் சென்சார் காந்தமும் கம்பிச்சுருளும் கொண்டது. பல் வளையம் அதன் முன் சுழலும்போது அதுவே மின்னழுத்தத்தை உண்டாக்கும். வேகம் குறையக் குறைய அந்த மின்னழுத்தமும் குறையும். 235/70 ஆர்16 டயரின் சுற்றளவு சுமார் 2.3 மீட்டர். வளையத்தில் 60 பற்கள் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய 22 துடிப்புகளே கிடைக்கும், அவையும் மிக மெலிந்தவையாக இருக்கும். அசையாமல் நிற்கும் சக்கரத்தையும் ஊர்ந்து செல்லும் சக்கரத்தையும் இசியுவால் நம்பகமாகப் பிரித்தறிய முடிவதில்லை. ஆகவே சக்கரம் சற்று வேகமாகச் சுழன்ற பிறகுதான் பிரேக் பிடிக்கும். பாறைகளில் ஆக்சிலரேட்டரை விட்டுவிடாமல், சீராக மிதித்துக் காத்திருக்கும் பழக்கம் ஓட்டுபவருக்கு வர வேண்டும்.

நெம்புகோல்:

பற்சக்கரம் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். அதனாலேயே பின் ஆக்சிலுக்கு லாக்கரைப் பரிந்துரைக்கிறேன். லாக்கர் பூட்டியதும் இரு சக்கரங்களும் ஒரே வேகத்தில்தான் சுழல முடியும். எது தூக்கினாலும் கவலையில்லை, பிரேக்கில் வெப்பம் இல்லை, சக்கரம் சுழன்ற பிறகு செயல்படும் தாமதமும் இல்லை. முக்கியமாக, உயிரைக் காக்கும் பிரேக் அமைப்பில் நாம் கை வைப்பதே இல்லை.

தானியங்கி லாக்கர்கள் உண்டு, பொத்தான் தேவையில்லை. ஆனால் அவை சாலைத் திருப்பங்களில் சட்டென்று பூட்டியும் விடுவித்தும் ஓட்டத்தை மாற்றும். பலர் ஓட்டும் வண்டிக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. காற்றழுத்தத்தில் இயங்கும் லாக்கர், தேவையில்லாதபோது சாதாரண டிஃபரன்ஷியலாகவே நடந்துகொள்ளும். அதைப் போட்டுவிட்டு ஈரமான பக்கச் சரிவில் போவதில் மட்டும் கவனம் வேண்டும்: இரு பின் சக்கரங்களும் ஒரே நேரத்தில் பிடிப்பை இழந்தால், வண்டியின் பின்புறம் பள்ளத்தை நோக்கி வழுக்கும். வாங்கும் முன் ஆக்சில் தண்டில் 10 பற்களா 24 பற்களா என்று கழற்றி எண்ணிப் பாருங்கள். இந்த வரிசை வண்டிகளில் இரண்டும் உண்டு, லாக்கரும் அதற்கேற்ப மாறும்.

ஸ்விவல்:

எல்லோரும் லாக்கர் பக்கமே சாய்வதால், மறுபக்கத்தையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். என் பழைய 300டிடிஐ டிஃபெண்டரில், அதே வரிசையில் பின்னர் வந்த வண்டியின் டிராக்‌ஷன் கண்ட்ரோலைப் பொருத்தி ஓட்டி வருகிறேன். ஒரே ஒரு விதியைக் கடைப்பிடித்தேன்: பாகங்களைக் கலக்கவில்லை. இரு ஆக்சில்கள், மாஸ்டர் சிலிண்டர், மாடுலேட்டர், குழாய்கள், இசியு, வயரிங் என அனைத்தும் ஒரே வண்டியிலிருந்து வந்தவை. எஞ்சினுடன் பேச வேண்டிய அவசியம் இல்லாமல், பிரேக்கை மட்டும் நம்பி இயங்கும் அமைப்பு என்பதால்தான், இயந்திர பம்ப் கொண்ட பழைய டீசலிலும் இது நடக்கிறது.

பொருத்திய பிறகு கவனிக்க வேண்டியவை இரண்டு. மாடுலேட்டருக்குள் காற்று தங்கினால் பெடலை மிதித்து மட்டும் வெளியேற்ற முடியாமல் போகலாம். அதன் பம்ப்பையும் வால்வுகளையும் இயக்கக்கூடிய டயக்னாஸ்டிக் கருவி உள்ள பணிமனை தேவை. அடுத்தது சென்சார். இந்த ஆக்சிலில் சென்சாரைத் திருகி இறுக்குவதில்லை. ஒரு புஷ்ஷுக்குள் அழுத்திச் செருகுகிறோம். பல் வளையத்தைத் தொடும் வரை தள்ளிவிட்டால் போதும், சக்கரம் சுழலும்போது வளையமே அதைத் தேவையான அளவு பின்னுக்குத் தள்ளிக்கொள்ளும். வீல் பேரிங்கில் ஆட்டம் இருந்தால் அதே வளையம் சென்சாரை மேலும் மேலும் வெளியே தள்ளும். இடைவெளி கூடும், எச்சரிக்கை விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் பலர் உடனே புதிய சென்சார் வாங்குகிறார்கள். முதலில் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

மண்சாலை:

மூவருக்கும் நன்றி. ஒரே ஒரு ஐயம். வலது காலால் ஆக்சிலரேட்டரையும் இடது காலால் பிரேக்கையும் சேர்த்து மிதித்தால், செலவே இல்லாமல் இதே பயன் கிடைக்கும் என்று படித்தேன். அது உண்மையா?

பற்சக்கரம்:

உங்கள் வண்டியில் கிடைக்காது. பெடலை மிதித்தால் இரு பக்கமும் சமமாகப் பிரேக் பிடிக்கும். வழுக்கும் பக்கத்தில் 300 நியூட்டன் மீட்டர் சேர்ந்தால் மறுபக்கத்துக்கும் 300 கூடுதலாகப் போவது உண்மைதான். ஆனால் அங்கேயும் பிரேக் அதே 300ஐ எடுத்துக்கொள்கிறது. கைக்கு வந்தது பழைய 200 மட்டுமே.

ஹெலிக்கல் பற்சக்கரங்கள் கொண்ட லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலில் கணக்கு மாறும். அது மெலிந்த பக்கம் தாங்குவதைப் பெருக்கி மறுபக்கத்துக்குக் கொடுக்கும். பெருக்கம் 2.5 மடங்கு என்றால், தரையின் 200ம் பிரேக்கின் 300ம் சேர்ந்து 500 தாங்கும் பக்கத்துக்கு எதிராக 1,250 போகும். பிரேக் 300ஐ எடுத்துக்கொண்டாலும் 950 மிஞ்சும். தானாகவே இயங்குவது, பொத்தான் இல்லாதது, ஸ்டீயரிங்கை முரட்டுத்தனமாக இழுக்காதது. உங்கள் தேவைக்கு முன் ஆக்சிலில் இதையும் பின்னால் நெம்புகோல் சொன்ன காற்றழுத்த லாக்கரையும் வைக்கலாம். முதலில் பின்புறத்தை மட்டும் செய்து ஓட்டிப் பாருங்கள். நீங்கள் விவரித்த ஏற்றத்துக்கு அதுவே போதுமானதாக இருக்கக்கூடும்.

டிராக்‌ஷன் கண்ட்ரோல்தான் வேண்டும் என்று முடிவெடுத்தால் ஸ்விவல் சொன்ன வழி ஒன்றே சரி; அதிலும் பாகங்களைக் கழற்றி எடுக்கப்போகும் வண்டி முழுவதுமாகக் கையில் இருக்கும்போது மட்டும் தொடங்குங்கள். பிரேக் அமைப்பை மாற்ற வாகனச் சட்டம் என்ன அனுமதி கேட்கிறது, காப்பீட்டு நிறுவனம் அதை ஏற்குமா என்பதை, முதல் குழாயைக் கழற்றுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.