சுசுகி ஜீஎன் 125: பின்சட்டத்தை அறுக்கலாமா, கூடாதா?

ஒத்தைச்சிலிண்டர்:
சீனாவில் பழைய ஜீஎன் 125 மோட்டார் சைக்கிள் வாங்குபவர்களில் பாதிப் பேர் அடுத்த வாரமே அதைக் கஃபே ரேசர், அதாவது தாழ்ந்த ஹேண்டிலும் தட்டை சீட்டும் கொண்ட பழைய பந்தயப் பாணி வண்டி, ஆக்கக் கிளம்பிவிடுகிறார்கள். சீட்டுக்கு அடியில் இருக்கும் பின்சட்டத்தை அறுப்பது, 'வளையம்' என்று சொல்லும் வளைந்த குழாய் ஒன்றை வெல்ட் வைப்பது, அதன் மேல் தட்டையான சீட்டைப் போடுவது. தாவ்பாவ் என்ற ஆன்லைன் சந்தையில் வளையமும் சீட்டும் செட்டாகவே விற்கிறார்கள். என் கட்சி தெளிவானது: இந்த வண்டியில் ஆக்சா பிளேடு படக்கூடாது. போல்ட்டைக் கழற்றிப் போல்ட்டை மாட்டுகிற வேலையோடு நிறுத்த வேண்டும்.

இந்த ரக வண்டிக்குச் சீனத்தில் 'தாய்ட்ஸு' என்று பெயர். இளவரசன் என்று பொருள். முன் டயர் 2.75-18, பின் டயர் 3.50-16. உயர்ந்த ஹேண்டில், படிவைத்த சீட்டு, முன்தள்ளிய ஃபுட்ரெஸ்ட். பிரேமே குரூஸர் சாயலுக்காக வரைந்தது. ஃபோர்க் குழாயைக் கவ்வும் கிளிப்-ஆன் ஹேண்டிலைக் கீழே இறக்கி, ஃபுட்ரெஸ்ட்டை அதே இடத்தில் விட்டால் முதுகு வில்லாக வளையும், கால் முன்னால் நீளும். ஃபுட்ரெஸ்ட்டைப் பின்னால் தள்ளினால் கியர் லிங்கேஜ், பின் டிரம் பிரேக்கின் ராடு இரண்டும் மாற வேண்டும். பெடலின் நெம்பு விகிதம் மாறிவிட்டால் பிரேக் கல்லாகிவிடும், அல்லது மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு சீட்டுக்காக இத்தனையும் எதற்கு?

வெல்டுமணி:
அண்ணே, ஃபுட்ரெஸ்ட் விஷயத்தில் முழுசா ஒத்துக்கிறேன். கிளிப்-ஆன் இந்த வண்டிக்கு வேண்டாம். அகலம் குறைந்த தட்டை ஹேண்டில் போதும். ஆனா பின்சட்டத்தை விட்டுட்டு என்ன மாத்தினாலும் அரைகுறைதான். ஓட்டுபவர் உட்காரும் இடத்தில் சட்டம் பள்ளமா இறங்கி, பின்னால் இருப்பவருக்காக மேலே ஏறுது. தட்டை சீட்டை அப்படியே வைத்தால் ஒரு முனை தூக்கி நிற்கும், அடியில் இரண்டு விரல் இடைவெளி தெரியும். ஃபோம் போட்டு மறைத்தாலும் மூணு மாசத்தில் அமுங்கிடும்.

பயம் அறுப்பதில் இருக்கக் கூடாது, மோசமா ஒட்டுவதில்தான் இருக்கணும். முறை இதுதான்:

ஷாக் அப்சார்பரின் மேல் மவுண்ட் எங்கே இருக்குன்னு பாருங்க. அதுக்கும் அதன் குறுக்குத் தாங்கிக்கும் பின்னால்தான் வெட்டு. மவுண்ட்டுக்கு முன்னால் வெட்டினால் சக்கரத்தின் முழு அடியும் வெல்ட் மேலேயே விழும். வெட்டுவதற்கு முன்னால் இரண்டு பக்கக் குழாய்க்கும் நடுவே ஒரு ஆங்கிள் இரும்பைத் தற்காலிகமா டாக் (சின்னப் புள்ளி வெல்ட்) வையுங்க. இல்லைன்னா வெட்டினதும் குழாய் விலகும்.

குழாயின் வெளிவிட்டத்தை வெர்னியரில் அளந்து வளையம் ஆர்டர் பண்ணுங்க. பொருள் படத்தில் போட்டிருக்கும் அளவை நம்பாதீங்க. சுவர்க்கனம் 2 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. உள்ளே ஒரு இரும்புத் துண்டு அவசியம்: 80 முதல் 100 மில்லிமீட்டர் நீளம், பாதி பழைய குழாயில், பாதி புது வளையத்தில். கையால் அழுத்தினால் போகிற இறுக்கம் போதும். பக்கத்துக்கு இரண்டு துளை, 6 மில்லிமீட்டர், ஒன்றுக்கொன்று செங்கோணத்தில். அந்தத் துளைகளை வெல்டால் நிரப்பணும். இணைப்பு விளிம்பைச் சரிவா அரைத்து, 2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு டிக் வெல்ட் (ஆர்கான் வாயு வெல்ட்). அப்புறம் அழகுக்காக அந்த வெல்டைக் கிரைண்டரில் மட்டம் தட்டவே கூடாது. பலமே அந்த மேட்டில்தான் இருக்கு.

வெல்டுக்கு முன்னால் பேட்டரி, ரெக்டிஃபையர், சிடிஐ (இக்னிஷன் பெட்டி) மூணும் கழற்றி வெளியே. எர்த் கிளாம்ப் வெல்ட் பக்கத்திலேயே, அதே குழாயில். தூரத்தில் வைத்தால் மின்சாரம் பேரிங் வழியாப் போய்ப் பள்ளம் விழ வைக்கும்.

மஞ்சள்பலகை:
இரண்டு பேரும் இரும்பைப் பற்றியே பேசுகிறீர்கள். வண்டி ஓடுவது சீனச் சாலையில்.

சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சட்டத்தின் 16-வது பிரிவு, பதிவான வாகனத்தின் கட்டமைப்பையோ அடையாளக் கூறுகளையோ தன்னிச்சையாக மாற்றக் கூடாது என்கிறது. பிடிபட்டால் பழைய நிலைக்குத் திருப்ப உத்தரவு, கூடவே எச்சரிக்கை அல்லது 500 யுவான் வரை அபராதம். தொகை சின்னது. 'பழைய நிலைக்குத் திருப்பு' என்பதுதான் கனமான வார்த்தை. அறுத்த சட்டத்தை எப்படித் திருப்புவீர்கள்?

வாகனப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். மூலைப்பார்வையில் எடுத்த வண்டியின் புகைப்படம் இருக்கும். அனுமதித்த ஆள் எண்ணிக்கை 2 என்று அச்சிட்டிருக்கும். பரிசோதனை நிலையத்தில் ஒரு கையில் அந்தப் படம், எதிரே உங்கள் வண்டி. ஒற்றை சீட்டு, மட்கார்டு இல்லை, இண்டிகேட்டர் இடம் மாறியிருக்கிறது என்றால் அங்கேயே நிற்கும். 2022 அக்டோபர் 1 முதல் 10 ஆண்டுக்கு உட்பட்ட வண்டிக்கு நேரடிப் பரிசோதனை 6-ஆவது, 10-ஆவது ஆண்டுகளில் மட்டும். நடுவில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சான்று மட்டும் வாங்க வேண்டும். 10 ஆண்டைத் தாண்டினால் ஆண்டுதோறும் நேரில் போக வேண்டும். கார்புரேட்டர் ஜீஎன் எல்லாம் பழசு என்பதால் இந்த ஆண்டுதோறும் வகையில்தான் அதிகம் மாட்டும்.

வாங்கப் போகிறவர்களுக்கு இன்னொன்று. 2013 மே 1-இல் அமலுக்கு வந்த கட்டாயக் கழிப்பு விதி இருசக்கர மோட்டார் வண்டிக்கு 13 ஆண்டு வைத்தது. கெடு முடிய ஓர் ஆண்டுக்குள் இருக்கும் வண்டியைப் பெயர் மாற்றவும் முடியாது, வேறு நகரத்துக்குப் பதிவை எடுத்துப் போகவும் முடியாது என்றும் அதில் உண்டு. பழைய பொருள் விற்கும் ஷியான்யூ ஆப்பில் மலிவாகக் கிடைக்கிறதென்று பணம் அனுப்பும் முன், பத்திரத்தில் அச்சான கழிப்புத் தேதியின் படத்தை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள்.

நிறம் மாற்றலாம், தடையில்லை. மாற்றிய 10 நாளுக்குள் பதிவு அலுவலகத்தில் சொல்லிப் பத்திரத்தில் ஏற்ற வேண்டும். தீயணைப்பு, மீட்பு, காவல் வாகன நிறங்களைத் தொடாதீர்கள்.

ஒத்தைச்சிலிண்டர்:
மஞ்சள்பலகை சொன்னதுதான் என் வாதத்தின் எலும்பு. மாற்றிய பாகங்களையெல்லாம் ஒரு பெட்டியில் வைத்திருந்தால், பரிசோதனைக்கு முந்தைய நாள் சாயங்காலம் உட்கார்ந்து பழைய வண்டியைத் திரும்ப நிறுத்திவிடலாம். சீட்டு, மட்கார்டு, இண்டிகேட்டர், ஹேண்டில், சைலன்சர்: கையில் 10, 12, 14, 17 ஸ்பேனர் இருந்தால் மூன்று மணி நேரம். பின்சட்டத்தின் ஏற்றத்துக்குப் பொருந்துகிற மாதிரி ஃபைபரில் சீட்டின் அடித்தட்டை வார்த்துக்கொள்ளலாம். பள்ளத்தில் தடித்த ஃபோம், ஏற்றத்தில் மெல்லிய ஃபோம். அடர்த்தி கூடிய ஃபோமாக வாங்கினால் மூன்று மாதத்தில் அமுங்காது. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கோடு நேராகத்தான் தெரியும்.

வெல்டுமணி:
அப்படின்னா நடுவழி ஒன்று இருக்கு. வெட்டின துண்டைத் தூக்கிப் போடாதீங்க. உள்துண்டைப் பழைய குழாயில் வெல்ட் வைத்து, வளையத்தை அதன் மேல் செருகி, பக்கத்துக்கு இரண்டு எம்8 போல்ட். பரிசோதனை வந்தால் வளையத்தை உருவிட்டு, பழைய துண்டை அதே மாதிரி செருகிடலாம்.

ஒத்தைச்சிலிண்டர்:
அதுதான் இருப்பதிலேயே ஆபத்தானது. செருகும் இணைப்பில் அரை மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தாலும் ஒவ்வொரு பள்ளத்திலும் துளை நீள்வட்டமாகும். போல்ட்டை இறுக்க இறுக்க வெறுங்குழாய் நசுங்கும், ஆட்டம் போகாது. பழைய துண்டை மாட்டிப் பின்னால் ஆள் ஏறினால் மொத்த எடையும் அந்த நாலு போல்ட்டில் நிற்கும். தெரிந்தே இதைப் பிறருக்குச் சொல்லக் கூடாது.

வெல்டுமணி:
நசுங்காமல் இருக்கத்தான் துளைக்குள் குறுக்கே ஸ்லீவ் வைத்து வெல்ட் பண்ணுவது. 8.8 தர போல்ட், நைலான் நட். ஆனா ஆள் ஏற்றுவது பற்றி நீங்க சொன்னது சரி. செருகு இணைப்போடு ஒருவர் மட்டும்தான் போகணும். அதை நான் முதலிலேயே எழுதியிருக்கணும். முழு வெல்ட்தான் சரியான வேலை, செருகல் ஒரு சமாளிப்பு.

கார்ப்ரசிகன்:
சட்டத்தை அறுத்துக் கெட்ட வண்டியைவிட ஏர் பாக்ஸைத் (ஏர் ஃபில்டர் இருக்கும் பெட்டி) தூக்கிக் கெட்ட வண்டி அதிகம். அதையும் இங்கே பேசியாக வேண்டும்.

சீட்டுக்கு அடியில் சட்டத்தின் முக்கோணம் காலியாகத் தெரிய வேண்டும் என்று ஏர் பாக்ஸை எடுத்துவிட்டுக் கூம்பு ஃபில்டர் மாட்டுகிறார்கள். டயாஃப்ரம் உள்ள வேக்யூம் கார்புரேட்டரில் ஸ்லைடைத் (காற்று வழியைத் திறந்து மூடும் பிஸ்டன்) தூக்குவது காற்றின் அழுத்த வித்தியாசம்தான். ஏர் பாக்ஸ் காற்றை அமைதியாக்கி அனுப்புகிறது. கூம்பு ஃபில்டரில் அது இல்லை. பக்கக்காற்று அடித்தாலும் ஸ்லைடு தடுமாறும். கால்வாசி முதல் முக்கால்வாசி திராட்டில் வரை வண்டி இழுக்காது, கையை விட்டால் சைலன்சரில் பட்பட்டென்று வெடிக்கும். அது லீன், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் போதவில்லை. அப்படியே ஓட்டினால் ஹெட் சூடேறி எக்ஸாஸ்ட் வால்வு முதலில் போகும்.

ஏர் பாக்ஸை வைத்துக்கொள்வதே நல்லது. எடுத்தே தீருவேன் என்றால் மெயின் ஜெட்டின் (முழுத் திராட்டிலில் பெட்ரோல் விடும் துளை) எண்ணை 2.5, 2.5 ஆக ஏற்றுங்கள். ஒரேயடியாகத் தாவ வேண்டாம். ஒவ்வொரு படிக்கும் புது பிளக் போட்டு, நான்காம் கியரில் முழுத் திராட்டில், அப்படியே கிளட்சைப் பிடித்து இன்ஜினை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளை என்றால் இன்னும் ஏற்ற வேண்டும், கரி என்றால் தாண்டிவிட்டீர்கள். ஐட்லிங்குக்கு இன்ஜின் பக்கம் இருக்கும் பெட்ரோல் ஸ்க்ரூவை இறுக்கி மூடி, 2 சுற்றுத் திறந்து தொடங்குங்கள். 3 சுற்றுக்கு மேல் திறந்தால்தான் சீராக நிற்கிறது என்றால் பைலட் ஜெட் (ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் துளை) சின்னது. 1 சுற்றுக்குள் என்றால் பெரிது.

2019 ஜூலை 1-க்குப் பிந்தைய, நான்காம் கட்ட மாசு விதிக்குக் கட்டிய ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு இந்த வைத்தியம் எதுவும் இல்லை. ஆக்சிஜன் சென்சார் ஐட்லிங்கிலும் நிதான ஓட்டத்திலும்தான் திருத்தம் செய்யும், முழுத் திராட்டிலில் செய்யாது. வினையூக்கி உள்ள சைலன்சரைக் கழற்றி வெறுங்குழாய் போட்டால் சத்தமும் பிடிபடும். 'ஜா ஜியே', அதாவது தெருவை அதிர வைப்பது என்று அங்கே தனியாகவே வேட்டையாடுகிறார்கள்.

பாகம் வாங்கும்போது இன்ஜினின் மேல் இருக்கும் எழுத்தைப் படியுங்கள். ஜீஎன் வகை 157எஃப்எம்ஐ. ஒற்றை சிலிண்டர், 57 மில்லிமீட்டர் போர், ஏர்-கூல்டு, மோட்டார் சைக்கிள், 125 சிசி என்று அர்த்தம். ஹோண்டா சிஜி வகை 156எஃப்எம்ஐ. இரண்டும் 125 என்று கேஸ்கெட் செட்டைக் கலந்து அனுப்பிவிடுவார்கள். சிஜி புஷ்ராடு இன்ஜின், ஜீஎன்னில் கேம் மேலே. ஒன்றின் ஹெட் கேஸ்கெட் மற்றதில் உட்காரவே உட்காராது.

மஞ்சள்பலகை:
நம்பர் பலகையைப் பற்றி ஒரு வரி. வளையம் போட்டவர்கள் பலகையைச் சீட்டுக்கு அடியில் மடித்து ஒளிக்கிறார்கள். வேண்டுமென்றே மறைத்ததாகக் கருதினால் லைசன்ஸின் 12 புள்ளியில் 9 போகும். பலகையைப் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் பக்கவாட்டாக வைப்பதும் வேண்டாம். பின்னால் நேராக, முழுதாகத் தெரிய வேண்டும். குவாங்சோவில் 2007 ஜனவரி 1 முதல் நகர்ப்பகுதியில் மோட்டார் சைக்கிளுக்கே தடை. பெய்ஜிங்கில் 'ஜிங் பி' என்று தொடங்கும் நம்பர் பலகை வண்டி நான்காம் வளையச் சாலைக்குள் போகாது. ஊரைப் பார்த்து வண்டி வாங்குங்கள்.

வெல்டுமணி:
இண்டிகேட்டரை எல்இடி ஆக்குபவர்கள் எல்லாரும் மாட்டுவது ஒரே இடத்தில்தான். பழைய இரண்டு கம்பி ஃப்ளாஷர் (விளக்கை மின்ன வைக்கும் ரிலே), 10 வாட் பல்ப் இரண்டு எரியும் சுமைக்கானது. எல்இடியின் 2 வாட்டில் அது துடிக்காது, அல்லது வெறித்தனமா துடிக்கும். மூன்று பின் எலக்ட்ரானிக் ஃப்ளாஷர் போட்டால் அது சரியாகும். அதுக்கப்புறமும் இடது போட்டால் நாலும் மின்னும். காரணம், மீட்டரில் இருக்கும் ஒற்றை இண்டிகேட்டர் விளக்கு இடது கம்பிக்கும் வலது கம்பிக்கும் நடுவில் இருக்கு. பழைய பல்ப் எரிய அந்தக் கசிவு போதாது, எல்இடிக்குப் போதும். விளக்கின் இரண்டு கம்பியையும் பிரித்து, இடதிலிருந்து ஒரு 1என்4007 டயோடு, வலதிலிருந்து இன்னொன்று, இரண்டையும் விளக்கின் ஒரு காலில் சேர்த்து, மறுகாலை எர்த்தில் கொடுங்க. டயோடின் வெள்ளைக் கோடு விளக்குப் பக்கம் இருக்கணும்.

ஒத்தைச்சிலிண்டர்:
அறுப்பதில் என் நிலை மாறவில்லை. ஆனால் அறுத்தே தீருவேன் என்பவர்கள் டாக் வெல்டோடு நிறுத்தி ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு ஷாக் அப்சார்பரையும் கழற்றி, பழைய பின்சட்டம் இருந்தபோது ஷாக் முழுதாக அமுங்கும் நீளத்துக்கு ஒரு கட்டையை அளந்து வெட்டி அந்த இடத்தில் மாட்டிச் சக்கரத்தைத் தூக்குங்கள். அந்த நிலையில் டயருக்கும் வளையத்துக்கும், டயருக்கும் சீட்டின் அடித்தட்டு போல்ட் முனைக்கும் 25 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். இல்லையென்றால் டாக்கை உடைத்து வளையத்தை உயர்த்துங்கள். தட்டையாகத் தெரிய வேண்டும் என்று ஷாக்கை நீளமாக்காதீர்கள். பின்பக்கம் உயர்ந்தால் முன் ஃபோர்க் நிமிரும், செயின் ஸ்விங் ஆர்மின் பிவட் மேலே உரசும்.

வெல்டுமணி:
ஷாக்குக்குப் பதில் கட்டை வைப்பது நல்ல யோசனை, அண்ணே. கட்டையை அளக்கும்போது பம்ப் ஸ்டாப் ரப்பரை (ஷாக் அடியில் இடிக்காமல் தாங்கும் ரப்பர்) முழுக் கனமா எண்ணாதீங்க. பாரம் ஏறினால் அந்த ரப்பரும் பாதி நசுங்கும்.